வெளிநாட்டில் வண்டிக்குள் ராத்தங்கல்: பாளையங்கோட்டை வேன்காரன் சொல்லும் வழி

எங்கள் பக்கம் கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் மேக்கப் போட்டுக்கொள்ளும் வண்டி. ஜெர்மனியில் இருக்கும் மகள் போனில், "அப்பா, கேரவன் வாடகைக்கு எடுத்து ஸ்பெயின் வரைக்கும் போயிட்டு வரலாம், நீங்கதான் ஓட்டணும்" என்றாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, "ஏட்டி, ஷூட்டிங்கா?" என்றாள்.

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. அங்கே அதற்கு மோட்டார்ஹோம் என்று பெயர். இரண்டு கோடையில் இரண்டு முறை அதில் சுற்றிவிட்டு வந்தோம். பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிற நம்ம ஊர்க்காரர்கள் இப்போது வீடு தேடி வந்து கேட்கிறார்கள். ஐரோப்பாவில் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்குமே, எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "ராத்திரி எங்கன நிப்பாட்டிப் படுப்பிய? பயமா இல்லையா?"

முதல் முறை பயந்துதான் கிடந்தேன். காரணமும் இருந்தது.

நம்ம ஊர்க் கணக்கு பாதிதான் செல்லும்

22 வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டியவன் நான். குற்றால சீசன், திருச்செந்தூர் ஆவணித் திருவிழா, கார்த்திகை பிறந்தால் சபரிமலை. ராத்தூக்கம் பாதி வண்டியில்தான். மதுரையில் ஆளை இறக்கிவிட்டு நாலுவழிச்சாலையில் திரும்பும்போது கண்ணைச் செருகினால், கங்கைகொண்டானுக்கு முன்னால் ஒரு டீக்கடையில் ஓரங்கட்டுவேன். "இங்கனயே போடுங்க அண்ணாச்சி, நான் நாலு மணி வரைக்கும் முழிச்சுத்தான் கெடப்பேன்" என்பார் கடைக்காரர். லைட் எரியும், ஆள் நடமாட்டம் இருக்கும். பாதுகாப்பு என்றால் அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன்.

அதே கணக்கை பிரான்சில் போட்டேன். தெற்கே போகிற பெரிய மோட்டார்வேயில் ஒரு ஓய்விடம். பெட்ரோல் பங்க், கழிப்பறை, காபி மிஷின், வரிசையாக ஐம்பது லாரி, நெல்லை ஜங்ஷன் மாதிரி வெளிச்சம். இதைவிடப் பத்திரமான இடம் எங்கே கிடைக்கும் என்று படுத்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு டிரைவர் பக்கக் கதவில் 'டக்' என்று ஒரு சத்தம். திரையை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்தால், கைப்பிடியில் ஒருத்தன் கை. இன்னொருத்தன் பக்கத்துக் காருக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறான். "ஏலே! எவம்ல அது!" என்று நான் போட்ட சத்தத்தில் மேல்படுக்கையில் இருந்த பேத்தி அலறிவிட்டாள். கையோடு ஹாரனையும் அமுக்கினேன். ஓடிவிட்டார்கள். "மாமா, அவனுகளுக்குத் தமிழ் புரிஞ்சிருக்குமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். திருடனுக்குப் புரிய வேண்டியது உள்ளே ஆள் முழித்துவிட்டது என்பது மட்டும்தான்.

அன்றைக்கு மீதி ராத்திரி தூங்காமல் யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. கங்கைகொண்டானில் என்னைக் காத்தது லைட் இல்லை, அந்தக் கடைக்காரர். எது யார் வண்டி, எவன் வேற்றாள் என்று அவருக்குத் தெரியும். மோட்டார்வே ஓய்விடத்தில் நூறு பேர் இருந்தாலும் எல்லாருமே வழிப்போக்கர். உங்கள் கதவைத் திறப்பவன் உடைமைக்காரனா திருடனா என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் மாட்டார்கள். வந்தவன் ஐந்து நிமிஷத்தில் அதே மோட்டார்வேயில் ஏறிப் போய்விடுவான். ஆகவே வெளிச்சத்தையும் கூட்டத்தையும் பார்த்து இடம் பிடிக்காதீர்கள். வேற்றாள் வந்தால் கவனிக்கிற கண் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார்வேயை விட்டு இறங்கி ஐந்து பத்து கிலோமீட்டர் உள்ளே போனால் அந்தக் கண் கிடைத்துவிடும்.

கிளம்பும் முன் காகிதம், ஒரு ஒத்திகை

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நம்ம ஆர்டிஓ ஆபீஸிலேயே வாங்கலாம். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், பாஸ்போர்ட் நகல் வேண்டும். ஒரு வருஷம்தான் செல்லும். இங்குள்ள லைசென்ஸ் கையில் இல்லாமல் அதை மட்டும் நீட்டினால் செல்லாது. இரண்டையும் கொண்டுபோங்கள்.

அதில் கார் பிரிவுக்கு உச்சவரம்பு 3,500 கிலோ. வாடகை மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் அந்த எடைக்குள் அடங்கும்படிதான் கட்டப்பட்டவை. ஆனால் அது ஆள், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்ந்த எடை. தண்ணீர்த் தொட்டி நிறைந்தாலே நூறு கிலோ சொச்சம் ஏறிவிடும். அதற்கு மேல் வீட்டுக்காரி கட்டிக்கொண்டுவந்த அரிசியும் வத்தலும் ஊறுகாய் ஜாடியும்.

பாஸ்போர்ட்டுகளை எல்லாம் ஒரே பையில் போட்டு டேஷ்போர்டில் வைக்காதீர்கள். நகல் ஒன்று போனில், இன்னொன்று மகள் வீட்டில். வண்டிக்குள் ராத்திரி வைத்திருக்கும் சாமான் திருடுபோனால் இன்சூரன்ஸ் கொடுக்குமா என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள். வண்டிக்கு மட்டும்தான் என்று சில ஒப்பந்தங்களில் பொடி எழுத்தில் இருக்கும்.

ஒத்திகை என்று சொன்னேனே. இங்கே ஒரு வேனையோ பெரிய காரையோ எடுத்து, குடும்பத்தோடு ஒரே ஒரு ராத்திரி உள்ளே படுத்துப் பாருங்கள். தெரிந்தவர் வயக்காட்டுக் களம் போதும், குற்றாலத்தில் காசு வாங்குகிற பார்க்கிங் போதும். பாபநாசம், மணிமுத்தாறு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் வேண்டாம், அது புலிகள் காப்பகம். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிமண்ணில் இறக்கிவிடவும் வேண்டாம். அந்தச் சிவப்பு மணலில் டயர் புதைந்தால் டிராக்டர்தான். எதற்கு இந்த ஒத்திகை என்றால், ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால் சாவி எங்கே, டார்ச் எங்கே, செருப்பு எங்கே என்று தடவுவோம் பாருங்கள், அந்தத் தடவலை இங்கேயே தீர்த்துக்கொண்டு போகலாம்.

நிறுத்துவது வேறு, கூடாரம் போடுவது வேறு

நம்ம ஊரில் இந்த வித்தியாசமே கிடையாது. வண்டியை நிறுத்தி, பக்கத்தில் அடுப்பு மூட்டி, புளியோதரை கிண்டி, பாய் விரித்துப் படுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே வண்டியை நிறுத்துவதற்கு ஒரு சட்டம், தங்குவதற்கு ஒரு சட்டம். இத்தாலியின் சாலைச் சட்டம் 185 ஆம் பிரிவில் இதை அழகாகச் சொல்லியிருக்கிறது. வண்டி தன் சக்கரத்தில் மட்டும் நிற்க வேண்டும். இன்ஜின் புகையைத் தவிர எதுவும் வெளியே விடக் கூடாது. தன் அளவுக்கு மேல் இடம் பிடிக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் அது வெறும் நிறுத்தம். நாற்காலியை வெளியே போட்டு, பக்கப் பந்தலை இழுத்துவிட்டீர்கள் என்றால் அது முகாம், அபராதம் வரலாம். மற்ற நாடுகளிலும் இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை வராது.

ஜெர்மனியில் களைப்புத் தீர்ந்து ஓட்டும் நிலைக்கு வர, தடை போடாத பொது இடத்தில் ஒரு ராத்திரி தூங்கலாம். அடுத்த நாளும் அங்கேயே கிடந்தால் கேள்வி வரும். குரோவேஷியாவில் முகாம்தலத்துக்கு (காசு கட்டித் தங்கும் கேம்ப்சைட்) வெளியே படுப்பதே குற்றம். 'எங்கும் தங்கும் உரிமை' என்று நார்வேயையும் ஸ்காட்லாந்தையும் பற்றிச் சொல்வார்கள். அது நடந்து போய்க் கூடாரம் அடிப்பவருக்கு உள்ள உரிமை, மோட்டார் வண்டிக்கு இல்லை. நியூசிலாந்தில் பொது இடத்தில் தங்க, வண்டிக்குள்ளேயே நிலையான கழிப்பறையும் கழிவுநீர்த் தொட்டியும் உள்ளதென்று சான்றிதழ் கேட்பார்கள். எடுத்துச் செருகும் பொட்டிக் கழிப்பறை போதாது என்று 2023 இல் விதியை இறுக்கிவிட்டார்கள்.

இதை ஏன் பாதுகாப்புக் கட்டுரையில் சொல்கிறேன் என்றால், சட்டப்படி நிற்பவன்தான் ராத்திரி தயங்காமல் போலீசைக் கூப்பிட முடியும்.

எந்த மாதிரி இடம்

புதியவர்களுக்கு முதல் மூன்று ராத்திரியும் காசு கொடுத்து முகாம்தலம்தான் என் யோசனை. வாசலில் ஆபீஸ், கேட், பெயர் எழுதி வாங்குவார்கள். வண்டி பழகும்வரை அங்கேயே இருங்கள்.

பழகியபின் ஜெர்மனியில் 'ஷ்டெல்பிளாட்ஸ்'. ஊராட்சிகளே மோட்டார்ஹோமுக்கென்று ஒதுக்கிய இடம். பத்துப் பதினைந்து யூரோ வாங்குவார்கள், சில ஊரில் இலவசம். பிரான்சில் இதையே 'ஏர்' என்பார்கள். மோட்டார்வே ஓய்விடத்துக்கும் அங்கே ஏர் என்றுதான் பெயர், அதனால் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வேண்டியது ஊருக்குள் இருக்கிற ஏர்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. 'பிரான்ஸ் பாஸியோன்' என்று ஓர் ஏற்பாடு. ஆண்டுச் சந்தா கட்டி ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிக்கொண்டால், அதில் சேர்ந்திருக்கும் விவசாயிகள், திராட்சைத் தோட்டக்காரர்கள் வீட்டு முற்றத்தில் ஒரு ராத்திரி இலவசமாக நிறுத்தலாம். ஒரு பாலாடைக்கட்டிக்காரர் வீட்டில் தங்கினோம். ஆட்டுக்கிடை, ஒரு கிழட்டு நாய், சமையலறை ஜன்னலில் லைட். வீட்டுக்காரி இறங்கினதும், "சேரன்மாதேவி அத்தை வீடு மாதிரில்லா இருக்கு" என்றாள். அந்தப் பயணத்திலேயே ஆழ்ந்து தூங்கிய ராத்திரி அதுதான். பாலாடைக்கட்டி கொஞ்சம் வாங்கினோம், வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. வாடை மூன்று நாள் ஃப்ரிட்ஜை விட்டுப் போகவில்லை.

'பார்க்ஃபார்நைட்' என்ற செயலியில் தங்கியவர்கள் கருத்து எழுதியிருப்பார்கள். அவர்கள் போட்ட மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், கடைசி மூன்று மாதக் கருத்தை மொழிபெயர்த்துப் படியுங்கள். 'அழகான காட்சி' என்று இருபது பேர் எழுதியிருந்தாலும், 'போன வாரம் கண்ணாடி உடைந்தது' என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்த ஒருவரைத்தான் நம்ப வேண்டும்.

மூணு மணிக்கு முடிவு, வெளிச்சத்தில் இறங்கு

மதியம் மூன்று மணிக்குள் ராத்திரி எங்கே என்று முடிவாகியிருக்க வேண்டும், கூடவே மாற்று இடம் ஒன்றும். இருட்டிய பிறகு களைத்துப்போய் இடம் தேடுகிறவன் கிடைத்த இடத்தில் நிறுத்துவான். எங்கள் மோட்டார்வே ராத்திரி அப்படி வந்ததுதான்.

போய்ச் சேர்ந்ததும் இன்ஜினை அணைக்காமல் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். பிறகு இறங்கி நடங்கள், கண் தரையில் இருக்கட்டும். கார் ஜன்னல் உடைந்தால் பெரிய துண்டாக விழாது, கல்கண்டு கல்கண்டாகக் கொட்டும். அந்தப் பச்சைசாயல் பொடிக் கல்கண்டு நடைபாதை ஓரத்தில், சாக்கடை மூடிப் பக்கத்தில் கிடந்தால் அங்கே வண்டி உடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்பெயினில் ஒரு கடற்கரைப் பார்க்கிங்கில், உவரி மாதிரி அருமையான இடம், மூன்று இடத்தில் குவியல் குவியலாகக் கிடந்தது. பேத்தி பொறுக்கி எடுத்து, "தாத்தா, வைரம்" என்றாள். வைரத்தைக் கீழே போடச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டோம்.

அப்புறம் பக்கத்து வண்டிக்காரருக்கு ஒரு வணக்கம் போடுங்கள். மொழி தெரியாவிட்டால் போனில் மொழிபெயர்த்துக் காட்டினால் போதும்: 'ராத்திரி இங்கே தங்கலாமா? பிரச்சினை ஏதும் உண்டா?' பதிலைவிட அந்த வணக்கம்தான் முக்கியம். இனி உங்கள் வண்டிப் பக்கம் வேற்றாள் நின்றால் அவருக்குத் தெரியும். உங்கள் டீக்கடைக்காரர் அவர்தான்.

மனதுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றினால் காரணம் தேடாமல் கிளம்புங்கள். வீட்டுக்காரிக்குத் தோன்றினாலும் சரி. என் அனுபவத்தில் அவளுக்குத் தோன்றினால்தான் சரி.

தண்ணி, காத்து, தரை

திருடனைவிட எனக்குப் பயம் தண்ணீர் மேல்தான். 2023 டிசம்பர் 17, 18 நம்ம சீமைக்காரர் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்று, பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள் மூழ்குவதை வருஷா வருஷம் பார்க்கிறவர்கள் நாம். மேலே மலையில் பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வரும் என்பது குற்றாலத்தில் குளித்த எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டில் ஆற்றங்கரைப் புல்வெளியைக் கண்டதும் அந்த அறிவை மறந்துவிடுகிறோம்.

ஸ்பெயினின் பிரனீஸ் மலையடிவாரத்தில் பியெஸ்காஸ் என்று ஓர் ஊர். 1996 ஆகஸ்ட் 7 அன்று மலைமேல் கொட்டிய மழை, ஓடையின் வாயில் இருந்த முகாம்தலத்தை அடித்துக்கொண்டு போனது. 87 பேர் செத்தார்கள். அது அனுமதி பெற்ற முகாம்தலம். காசு கட்டி நிற்கிற இடம் என்பதற்காகத் தண்ணீர் விலகிப் போகாது. ஓடை மலையை விட்டு இறங்கி விசிறி போல விரிகிற இடம், பாலத்தடி, உருண்டைக் கற்கள் கிடக்கும் மேடு, மரக்கிளையில் சருகும் பிளாஸ்டிக்கும் தொங்கும் இடம், எல்லாமே தண்ணீர் வந்துபோன இடம். அங்கே படுக்காதீர்கள்.

காற்றைப் பற்றி ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக டாப் கேரியரோடு வேன் ஓட்டியவருக்குச் சொல்லத் தேவையில்லை. ஸ்பெயினின் தென்முனையில் தாரிஃபா என்ற ஊரும் நம்ம முப்பந்தல் மாதிரிதான், காற்றாலைக் காடு. உயரமான வண்டியைக் காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்த வேண்டும், விலாவைக் கொடுத்தால் ராத்திரி முழுக்கத் தொட்டில்தான். மரத்தடி நிழல் பகலுக்கு. ராத்திரிக்கு வேண்டாம்.

புல்தரையில் நிறுத்த வேண்டி வந்தால் முன்சக்கரம் கெட்டித் தரையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிகளில் நிறைய முன்சக்கரத்தில் இழுப்பவை. சரிவு என்றால் கைப்பிரேக்கோடு கியரும், சக்கரத்துக்குக் கட்டையும்.

படுக்கும் முன்

ரிவர்ஸ் எடுத்து, முகம் வெளியே போகும் வழியைப் பார்க்கும்படி நிறுத்தியிருக்க வேண்டும். முன்னால் இன்னொரு வண்டி வந்து அடைக்க முடியாத இடமாக. முன்சீட்டை உள்பக்கம் திருப்பி வைத்துச் சாப்பிட்டிருப்பீர்கள், அதைத் திரும்ப முன்பக்கம் திருப்பிவிடுங்கள். ஸ்டியரிங்குக்கும் படுக்கைக்கும் நடுவில் பை, செருப்பு, தண்ணீர்ப் பாட்டில் எதுவும் கிடக்கக் கூடாது. படுக்கையிலிருந்து எழுந்து இருபது விநாடியில் வண்டி நகர வேண்டும். அதனால் ஓட்டுகிறவர் அன்று ராத்திரி ஒரு பீர்கூடக் குடிக்கக் கூடாது. பேச்சுக்கே இடமில்லை.

சாவிக்கு ஒரே ஆணி, தினமும் அதே ஆணி. வெளிப் படிக்கட்டை உள்ளே இழுத்துவிடுங்கள். போன், லேப்டாப், பை எதுவும் முன்கண்ணாடி வழியாகத் தெரியக் கூடாது. டேஷ்போர்டு பெட்டியைக் காலியாகத் திறந்தே வையுங்கள், உள்ளே ஒன்றுமில்லை என்று பார்க்கிறவனுக்குத் தெரியட்டும்.

முன்கதவுதான் பலவீனம். இந்த வண்டிகளில் பெரும்பாலானவை ஃபியட் டுகாட்டோ மாதிரி சரக்கு வேன் மேல் கட்டியவை. வீட்டுக் கதவுக்குத் தனிப் பூட்டு இருந்தாலும், டிரைவர் கதவில் இருப்பது சாதாரண வேன் பூட்டு. லோடு கட்டுகிற பெல்ட் ஒன்றை வாங்கி, இரண்டு முன்கதவின் உள்கைப்பிடியிலும் கோத்து, நடுவில் கிர்ர் கிர்ர் என்று இறுக்கிவிடுங்கள். பூட்டைத் திறந்தாலும் கதவு நாலு விரல்கூட நகராது. இழுத்தால் வண்டியே ஆடும், நீங்கள் முழித்துவிடுவீர்கள். ஓட்டிக்கொண்டு ஓட அது தடையில்லை. அந்த மோட்டார்வே ராத்திரிக்கு மறுநாளே எட்டு யூரோவுக்கு வாங்கினேன். வேனுக்கு மேலே சாமான் கட்டின கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிற்கும் ஊரின் பெயரையும் சாலை எண்ணையும் ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டியரிங் பக்கம் ஒட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அவசர எண் 112, நம்ம நாட்டு எண்ணேதான். இங்கிலாந்தில் 999, ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111. கூப்பிட்டதும் முதலில் கேட்பது 'எங்கே இருக்கிறீர்கள்' என்றுதான். தூக்கக் கலக்கத்தில் பிரெஞ்சு ஊர்ப் பெயர் நாக்கில் வராது.

கதவைத் தட்டினால்

திறக்காதீர்கள். ஜன்னலை ஒரு கை அளவு இறக்கிப் பேசுங்கள், அல்லது கண்ணாடி வழியே. போலீஸ் என்றால் அடையாள அட்டை காட்டச் சொல்வது உங்கள் உரிமை, 112 ஐக் கூப்பிட்டுக் கேட்கிறேன் என்று சொல்லலாம். உண்மையான போலீஸ் கோபப்பட மாட்டார். ஒருமுறை எங்களை இரண்டு பேர் எழுப்பினார்கள், நிஜப் போலீஸ்தான். காலையில் அங்கே சந்தை கூடுமாம், ஏழு மணிக்குள் நகர்ந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தார்கள்.

யாரோ சுற்றுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் உள்லைட்டைப் போடுங்கள், சத்தம் கொடுங்கள், ஹாரன் அடியுங்கள், ஓட்டிப் போய்விடுங்கள். இறங்கிப் போய் வீரம் காட்ட வேண்டாம். வந்தவனுக்கு வேண்டியது உங்கள் பை.

மயக்க மருந்தும் நிஜப் புகையும்

'ஜன்னல் வழியா மயக்கப் புகை விட்டுத் திருடுறாங்களாமே' என்று எல்லாரும் கேட்பார்கள். இங்கிலாந்தின் மயக்கவியல் மருத்துவர்களின் ராயல் காலேஜ், வெளியிலிருந்து வாயு செலுத்தி, தூங்குகிறவர்களுக்குத் தெரியாமல் மயக்குவது நடக்காத காரியம் என்று அறிக்கையே விட்டிருக்கிறது. அத்தனை பெரிய இடத்தை நிரப்ப எவ்வளவு மருந்து வேண்டும், எவ்வளவு வாடை அடிக்கும். நீண்ட தூரம் ஓட்டிக் களைத்தவர் அடித்துப்போட்ட மாதிரி தூங்கியிருப்பார், அதுதான் விஷயம்.

பயப்பட வேண்டிய வாயு உங்கள் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓட்டிய ஜெனரேட்டரின் புகை உள்ளே வந்திருந்தது. கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம். தூங்குகிறவருக்கு அந்தத் தலைவலிகூடத் தெரியாது.

அதற்கான அலாரம் இருபது முப்பது யூரோவுக்குக் கிடைக்கும். வாடகை வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள், பட்டனை அமுக்கிக் கூவுகிறதா பாருங்கள், இல்லாவிட்டால் வாங்கிப் படுக்கைப் பக்கம், தலை உயரத்தில் மாட்டுங்கள். சமையல் கேஸ் அலாரம் வேறு, அது தரையை ஒட்டி இருக்க வேண்டும், ஏனென்றால் கேஸ் காற்றைவிடக் கனம், கீழே தங்கும். அதனால்தான் வண்டித் தரையில் துளைகள் வைத்திருக்கிறார்கள். குளிர்கிறது என்று அந்தத் துளையில் துணியை அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரியே ஒரு துண்டைச் சுருட்டி அடைத்தாள், எடுத்தேன், மறுபடி அடைத்தாள். கேஸ் கசிந்தால் அந்தத் துளை வழியாகத்தான் வெளியே போகும் என்று சொன்னபிறகு விட்டாள். அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்வது, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது இரண்டும் கூடாது. பக்கத்து வண்டியின் புகைக்குழாய் உங்கள் ஜன்னலைப் பார்த்தால் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

பகலில்தான் ஜாக்கிரதை

ராத்திரிக்கு இவ்வளவு சொல்லிவிட்டேன். ஆனால் வண்டியை உடைத்துத் திருடுவது பெரும்பாலும் உள்ளே ஆள் இல்லாத பகலில்தான், பெரிய நகரத்தில். பார்சிலோனா மாதிரி ஊருக்கு வண்டியை ஓட்டிப் போகாதீர்கள். ஊருக்கு வெளியே முகாம்தலத்தில் விட்டுவிட்டு ரயிலில் போய்வாருங்கள். பக்கத்து லேனில் வருகிறவன் உங்கள் டயரைக் காட்டிக் கை அசைத்தால் நிறுத்தாமல் அடுத்த பெட்ரோல் பங்க் வரை ஓட்டுங்கள். ஒருவர் டயரைக் காட்டுவார், இன்னொருவர் மறுபக்கக் கதவைத் திறப்பார். நின்றுவிட்டால் இறங்குகிறவர் சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிவிட்டு இறங்க வேண்டும்.

இத்தனையும் மீறிச் சாமான் திருடுபோய்விட்டால், உள்ளூர்ப் போலீசில் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். அது இல்லாமல் இன்சூரன்ஸ் நகராது. பாஸ்போர்ட் போயிருந்தால் நம்ம தூதரகத்திலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

காலையில்

கிளம்பும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவாருங்கள். கூரை ஜன்னல் மூடியதா, கேஸ் வால்வு அடைத்ததா, சக்கரக் கட்டை எடுத்ததா, முன்கதவு பெல்ட்டைக் கழற்றியதா, கரண்ட் வயர் பிடுங்கியதா. ஷ்டெல்பிளாட்ஸ் ஒன்றில் கடைசியை மறந்து கியர் போட்டுவிட்டேன். பக்கத்து ஜெர்மன் பெரியவர் பைஜாமாவோடு, கையில் காபிக் கோப்பையோடு, கத்திக்கொண்டே குறுக்கே ஓடிவந்து நின்றார். முந்தின நாள் சாயங்காலம் வணக்கம் போட்டவர்தான்.